நான் திருத்தாமல் விட்ட வரி

தம்பி,

நீ சுகமாகத்தான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பொண்டி வீட்டுக்கு வந்து என் கையால் ஆறு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனவனிடம் சுகமா என்று கேட்பது வீண் வேலை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய ஒரு பக்கத் தமிழைப் பார்த்துத் திருத்திவிட்டேன். மொத்தம் பதினொரு பிழை. ‘ள’வும் ‘ழ’வும் உனக்கு இன்னும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. சனிக்கிழமை தோறும் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உள்ள தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன ஒன்பது வருடமும் அந்த ஒரு விஷயத்தில் தோற்றுவிட்டது. மற்றபடி நன்றாக எழுதியிருக்கிறாய். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளை இவ்வளவு எழுதியது எனக்குப் பெருமை. எட்டாவது வரியை மட்டும் நான் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை ஒரு பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். கோபப்படாதே. உன் பெயர் இதில் இல்லை, உன் கொம்பனியின் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. லா சப்பலுக்கு மரக்கறி வாங்க வருகிற தாய்மாரில் பாதிப் பேருக்கு இப்போது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்கிற பிள்ளை இருக்கிறது. பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், “கொம்பியூட்டரிலை என்னவோ” என்பார்கள். நானும் போன கிழமை வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் வாசிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் உன் வேலை எனக்கு விளங்கியது. அமெரிக்காவில் ஒஹாயோ என்ற மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்கு இரண்டு மாதம் போகப்போகிறேன் என்றாய். தொலைபேசியில் வரைபடத்தைக் காட்டினாய். இரண்டு தெரு, ஒரு தேவாலயம், ஒரு பெற்றோல் நிலையம்.

“அங்கை உனக்கு என்ன வேலை?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் போர்ம் பாக்கிற ஒரு ஒபிஸ் அம்மா. அவையள் செய்யிறதைப் பக்கத்திலை இருந்து பாத்து எழுதோணும். பிறகு அதைக் கோயம்புத்தூரிலை இருக்கிற ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கோணும். தமிழ் தெரியும் எண்டுதான் என்னைத் தெரிவு செய்தவை.”

“பிறகு ஒஹாயோக்காரர் என்ன செய்வினம்?”

நீ தோசையைப் பிய்த்துச் சம்பலில் தொட்டாய். “வேறை வேலை தேடுவினம். அமெரிக்காதானே. நோர்மால்.”

உன் அப்பாவுக்கு ‘அமெரிக்கா’ என்ற சொல்லுக்குப் பிறகு எதுவுமே காதில் விழவில்லை. “எங்கடை தமிழ், பிள்ளையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகுது பாத்தியே!” என்று என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன். அப்போது நீ இன்னொரு படம் காட்டினாய். அந்த ஒபிஸில் வேலை செய்கிறவர்கள் நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்த படம். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு மனுசி நடுவில் நின்றாள். “இவவுக்குத்தான் எல்லாம் தெரியும். இருபத்திரண்டு வருசமா இருக்கிறா. ரெண்டு மாசமும் இவவோடைதான் இருக்கப்போறன்” என்றாய். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நீ கவனிக்கவில்லை, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திங்கட்கிழமை உன் பக்கம் வந்தது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கு நீ வீடியோவில் வாசித்துக் காட்டப்போகிற வரவேற்புரை. அதன் எட்டாவது வரி இது: “அமெரிக்க அலுவலகத்தில் உள்ளவர்களோடு நாங்கள் கதைத்துவிட்டோம், உங்களுக்குப் பழக்கித் தர அவர்கள் ஆவலாக இருக்கிறார்கள்.” ஓரத்தில் எனக்கு ஒரு கேள்வியும் எழுதியிருந்தாய். ‘கதைத்துவிட்டோம் இந்தியாவுக்குச் சரிவராதுதானே அம்மா, பேசிவிட்டோம் என்று மாற்றவா?’ நான் உடனே உன்னைக் கூப்பிட்டேன்.

“அவையோடை உண்மையா கதைச்சாச்சோ?”

“இல்லை அம்மா. இப்ப சொல்லேலாது. வேலையை இலகுவாக்கப் போறம் எண்டுதான் சொல்லச் சொல்லியிருக்கினம். உண்மையைச் சொன்னா ஒருத்தரும் ஒழுங்காக் காட்டித்தர மாட்டினம். கடைசி மாசம் சொல்லுவினம். அதுவும் பழக்கிக் குடுத்தாத்தான் நட்டஈடு.”

“அப்ப ஏன் கதைச்சாச்சு எண்டு எழுதியிருக்கிறாய்?”

“அம்மா, நீங்கள் தமிழை மட்டும் பாருங்கோ.”

சரி. தமிழை மட்டும் பார்க்கிறேன்.

உனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது என் வேலை போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அது எப்படிப் போனது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. அப்போது நாங்கள் ஸ்தேன் என்ற ஊரில் இருந்தோம். சென் தெனியில் ஒரு ஒபிஸில் நான் பதினான்கு வருடம் வேலை செய்தேன். சனங்கள் கையால் நிரப்பி அனுப்புகிற மருத்துவக் காப்புறுதிப் படிவங்களைப் பார்த்து எழுத்தையும் இலக்கத்தையும் கொம்பியூட்டரில் ஏற்றுகிற வேலை. எங்கள் கொம்பனியை ஒரு அமெரிக்கக் கொம்பனி வாங்கியிருந்தது. பக்கத்து மேசையில் மர்த்தின் என்று ஒரு பிரெஞ்சுக்காரி. நான் சேர்ந்தபோது எனக்குப் பிரெஞ்சுக் கையெழுத்தில் ஒரு சொல்லும் பிடிபடாது. கிழவர்கள் எழுதுகிற ஒன்று ஏழு போல இருக்கும், ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும், சிலர் அந்தக் கோட்டையும் போடமாட்டார்கள். மர்த்தின்தான் ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தாள். அவளும் கண்ணாடியைச் சங்கிலியில்தான் கட்டியிருப்பாள்.

ஒருநாள் எங்கள் பத்ரோன், அதுதான் மேலாளர், என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சென்னையில் ஒரு சின்னக் குழுவை வைத்திருக்கிறோம், வேலை கூடின நேரத்தில் உதவிக்கு, நீ தமிழில் அவர்களைப் பழக்குவாயா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த நாட்டில் என் தமிழை ஒருவர் தேவை என்று கேட்டது அதுதான் முதல் தரம். அதுவரை அது நான் உச்சரிப்புப் பிழையாகப் பிரெஞ்சு பேசுவதற்கான காரணமாக மட்டுமே இருந்தது. அடுத்த நாள் எனக்குத் தனிக் கதிரை, காதில் மாட்ட ஹெட்போன், எதிரில் திரையில் பிரேமா என்று ஒரு சென்னைப் பிள்ளை. நான் புதுச் சட்டை வாங்கினேன், லிப்ஸ்டிக்கும் போட்டேன். சிரிக்காதே.

மூன்று மாதம் பழக்கினேன். புத்தகத்தில் இருந்ததையும் சொன்னேன், இல்லாததையும் சொன்னேன். மர்த்தின் பதினான்கு வருடத்தில் எனக்குத் தந்ததையெல்லாம் மூன்று மாதத்தில் வாரிக் கொடுத்தேன். “ஒண்டையும் ஏழையும் மாத்திப் போடாதையும் பிள்ளை” என்பேன். “ஏழைய யாரு மேடம் மாத்துறாங்க, அவங்க அப்படியேதான் இருக்காங்க” என்று பிரேமா சிரிப்பாள். நல்ல கெட்டிக்காரி. முதல் சம்பளத்தில் தகப்பனுக்குக் காதுக் கருவி வாங்கினேன் என்று சொன்னாள். அவளைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு கூடாத சொல் சொல்லக்கூடாது. அன்றும் சொல்லவிட்டதில்லை, இன்றும் விடமாட்டேன்.

பழக்கத் தொடங்கி மூன்றாம் கிழமை என்று நினைக்கிறேன். பிரேமா அன்றைக்கு முகம் வாடி இருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: “மேடம், உங்க மேனேஜர் உங்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசிட்டாராமே? கேட்டதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல.”

நான் சொன்னேன்: “சீச்சீ! அந்தாள் ஒருத்தரையும் பேசாது பிள்ளை. தங்கமான மனுசன். ஆர் உமக்கு உப்பிடிச் சொன்னது?”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, “இல்ல மேடம், சும்மா” என்றாள். அதற்குப் பிறகு அன்று அவள் சிரிக்கவில்லை. நாங்கள் அடுத்த படிவத்துக்குப் போனோம்.

உனக்கு இப்போது விளங்கியிருக்கும், நீ ஓரத்தில் எழுதிய கேள்வியே அதுதானே. எங்கள் ஊரில் வாயால் செய்வது கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது. சென்னையில் பேசுவது என்றால் வெறும் கதைப்பது. பிரேமா கேட்டது, உங்கள் மேலாளர் உங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாரா என்று. என் காதில் விழுந்தது, அவர் எங்களைக் கூப்பிட்டு ஏசினாரா என்று. எத்தனை தமிழ்ப் படம் பார்த்திருக்கிறேன், படத்தில் கதாநாயகன் “பேசணும்” என்றால் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பத்ரோன் கூப்பிட்டார், பேசினார் என்று ஒரு பிள்ளை வாடிய முகத்தோடு சொன்னால் யாழ்ப்பாணத்துக் காது வேறு என்னத்தை எடுக்கும்? எங்கள் ஒபிஸ் மூடப்போகிற செய்தி என் சொந்த மொழியில் என் காதுக்குள்ளேயே வந்தது. நான் பத்ரோனுக்கு நற்சான்றிதழ் கொடுத்து அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இவ்வளவும் காதின் பிழை. இனிச் சொல்வது என் பிழை. அந்தப் பிள்ளை ஏன் அப்படி மௌனமானாள் என்று எனக்கு அன்றைக்கே ஒரு மாதிரி இருந்தது. அடுத்த நாள், “நேற்று என்ன கேட்டனீர்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று பயம். அந்தக் கதிரையும் ஹெட்போனும் எனக்குப் பிடித்திருந்தன, தம்பி. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த ஒன்றுக்குத்தான் இரண்டு ஊரிலும் ஒரே சொல், ஒரே அர்த்தம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்ரோன் எல்லோரையும் நிற்கவைத்துக் கடதாசியைப் பார்த்து வாசித்தார். ஒபிஸ் மூடுகிறது, வேலை முழுதும் சென்னைக்குப் போகிறது. மர்த்தின் அவரைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். “உனக்குத் தெரியும்” என்றாள். “மூன்று மாதமாய் அவர்களோடு உன் மொழியில் கதைத்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரியும்.” தெரியாது என்று சத்தியம் பண்ணினேன். ஆர்.ஈ.ஆர் ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் பிரேமாவின் வாக்கியம் எனக்குத் திரும்பி வந்தது. ரயிலில் நின்றபடியே அழுதேன். என் சத்தியமும் பாதிப் பொய்யாகிப் போனது.

பிறகு வேலை தேடித்தருகிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் என் பத்திரங்களைப் புரட்டிவிட்டு, “மதாம், வேலை இந்தியாவுக்குப் போயிருக்கிறது. ஒரு விதத்தில் உங்கள் வீட்டுக்குத்தானே போயிருக்கிறது” என்று சிரித்தார். நான் சொன்னேன்: “மொசியோ, நான் இந்தியா இல்லை, யாழ்ப்பாணம். என் வீடு ஸ்தேனில், இங்கிருந்து ஒரு பஸ். என் வேலை என்னைக் கேட்காமல் வேறு ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டது.” அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கினார். வந்தால் வேலையைப் பறிக்க வந்தவள், வேலை போனால் அதையும் ஊருக்கு அனுப்பியவள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. நீயும் எந்த நாட்டிலும் ஏற்காதே.

சில வருடம் கழித்து லா சப்பலில் நான் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கும்போது பிரேமா சென்னையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். “அக்கா, இப்ப எங்களையும் கூப்பிட்டுப் பேசிட்டாங்க” என்றாள். இந்த முறை எனக்கு ஒரு தரத்திலேயே விளங்கியது. இனி மெஷினே கையெழுத்தை வாசிக்குமாம். “அன்னிக்கு நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்கா. வேலை போயிடும்னு பயந்துட்டேன்” என்று அழுதாள். நானும் பயந்துதான் பிள்ளை கேட்கவில்லை என்று சொன்னேன். கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்று இரண்டு பேரும் அழுதோம். ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று கடைக்காரர் நினைத்து எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

உன் பக்கத்தை வாசித்த பிறகு இந்த வெள்ளிக்கிழமை சென் தெனிச் சந்தைக்குப் போனேன். மர்த்தின் அங்கேதான் மரக்கறி வாங்குவாள் என்று தெரியும். இத்தனை வருடம் அதனாலேயே அந்தச் சந்தைக்குப் போகாமல் இருந்தேன். ஒலிவ் விற்கிறவனின் கடைக்குப் பக்கத்தில் கண்டேன். நரைத்துவிட்டாள், கண்ணாடிச் சங்கிலி அதேதான். வழியை மறித்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பேசுவது, கதைப்பது, பிரேமாவின் முகம், நான் கேட்காமல் விட்டது, எல்லாம். அவள் கையில் பையோடு கேட்டுக்கொண்டே நின்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. “அந்த மூன்று மாதத்தில்தான் என் புருஷன் முதுகுவலியோடு ஓட்டிக்கொண்டிருந்த லொறி வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனான். என் வேலை இருக்கிறதே என்று நான்தான் விடச் சொன்னேன்” என்றாள். “வேலை போனதை நான் எப்படியும் தாங்கியிருப்பேன். அந்த மூன்று மாதத்தை யாரிடம் கேட்பது?” பிறகு எனக்கும் ஒரு பை ஒலிவ் வாங்கித் தந்துவிட்டுப் போனாள். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை.

அந்த மூன்று மாதத்தைத்தான் நீ இப்போது ஒஹாயோவில் எடுக்கப் போகிறாய். கண்ணாடிச் சங்கிலி கட்டிய அந்த மனுசியிடமிருந்து. நீ சொன்னாய், அங்கே வேலையோடுதான் காப்புறுதியும் என்று. இங்கே என் வேலை போன மாதத்திலும் உன் அப்பாவின் முழங்காலுக்கு ஊசி போட ஒருவரும் மறுக்கவில்லை. அங்கே ஊரார் ஆஸ்பத்திரிப் படிவத்தை இருபத்திரண்டு வருடம் பார்த்தவளுக்கு வேலை போகிற அன்று தன் மருந்துக்கே வழி தேடவேண்டிவரும். இந்த இரண்டு மாதத்தில் அவள் பல்லைக் கட்டிவிடலாம், கண்ணை டொக்டரிடம் காட்டலாம், புருஷனை வேலையை விடாதே என்று சொல்லலாம், அடுத்த ஊரில் ஒரு கதவைத் தட்டலாம். அவளிடம் ஒருவர் உண்மையைச் சொன்னால்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. கோயம்புத்தூர்ப் பிள்ளைகளும் சாப்பிடத்தான் வேண்டும், அவர்கள் வீட்டிலும் காது கேளாத தகப்பன் இருப்பான். வேலையை அங்கே கொண்டுபோவதை நீயும் நானும் நிறுத்த முடியாது என்பதும் தெரியும். “நான் போகாட்டி வேறை ஆள் போவான் அம்மா” என்று நீ சொல்வாய். போகட்டும். வேறு ஆளுக்கு நான் தாய் இல்லை. கொன்ரா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், வெளியே சொல்லக்கூடாது என்று இருக்கிறது என்பாய். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் உனக்கு நான் கை பிடித்து ‘அ’ எழுதப் பழக்கினேன். உன்னை அனுப்புகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுது. ஒஹாயோவில் உள்ளவர்களுக்கு முதலில் சொல்லுங்கள், அதன் பிறகு நான் எழுதத் தொடங்குகிறேன் என்று எழுது. அவர்கள் மாட்டோம் என்றால், முதல் நாளே அந்த மனுசிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று நீயே சொல். அவள் உன்னை வெளியே போ என்றால் போ. காட்டித்தருகிறேன் என்றால், அவள் காட்டித்தருவதை மரியாதையாய் எழுது. வேலை போனால் பொண்டியில் உன் அறை அப்படியே இருக்கிறது. எனக்கு இருந்ததைவிட இரண்டு மொழி கூடுதலாக வைத்திருக்கிறாய், பட்டினி கிடக்கமாட்டாய்.

உன்னைத் தமிழ் படிக்க வைத்ததற்கு நான் வெட்கப்படப் போவதில்லை. அதை வைத்து ஒருத்தியின் கண்ணைக் கட்டச் சொல்கிறவர்கள் வெட்கப்படட்டும். அந்த எட்டாவது வரியில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை, ‘ள’ கூடச் சரியாக விழுந்திருக்கிறது. அது நடக்காததால்தான் நான் திருத்தவில்லை. நடந்த பிறகு அனுப்பு. ‘கதைத்துவிட்டோம்’ என்று எழுதினாலும் சரி, ‘பேசிவிட்டோம்’ என்று எழுதினாலும் சரி, இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு விமானம் ஏறப்போகிறாய். மிளகாய்த்தூள் அரைத்துக் கட்டிவைத்திருக்கிறேன், அதற்கு முதல் நாள் சனிக்கிழமை வந்து எடு. அங்கே போய் அவர்களோடு கதை, தம்பி. அதற்காக மேலே இருக்கிறவர்கள் உன்னைப் பேசினால், பேசட்டும்.

அம்மா